கலவையான அலுவலக டொமைனில் ஷேர்களை மவுண்ட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பாலும் விண்டோஸ் கணினிகள், இடையிடையே சில லினக்ஸ், வடிவமைப்புப் பிரிவில் இரண்டு மூன்று மேக். எல்லாருக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (பயனர்களையும் கணினிகளையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் அமைப்பு) ஒன்று, கோப்புகளுக்கு ஒரு சர்வர். இப்படி ஓர் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்கிறவரிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பிடிபட்டது இதுதான்: மவுண்ட் கட்டளையில் தப்பு இருப்பது அபூர்வம். சர்வரின் பெயர் சரியாக விரிகிறதா, இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா, கோப்பைக் கேட்பது எந்தப் பயனர் என்று சர்வர் நினைக்கிறது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காலை வாரிவிடும்.

ஷேர், மேப், மவுண்ட் எல்லாம் ஒன்றுதானா?

சர்வர் வெளியே திறந்துவைக்கிற ஃபோல்டர்தான் ஷேர். அதற்கு விண்டோஸில் ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்தால் மேப் செய்வது என்கிறோம். லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு காலி ஃபோல்டரின் மேல் அதை ஒட்டவைத்தால் மவுண்ட். உள்ளே நடக்கிற பேச்சுவார்த்தை ஒன்றுதான்.

எஸ்எம்பியா, என்எஃப்எஸ்ஸா? எதை எடுப்பது?

இரண்டும் பிணையத்தின் வழியே கோப்புகளைப் பகிரும் முறைகள். கலவையான அலுவலகம் என்றால் எஸ்எம்பி. இதில் நான் ரொம்ப யோசிப்பதில்லை. விண்டோஸின் தாய்மொழி அது. மேக்கும் 2013-இல் வந்த மேவரிக்ஸ் முதல் தன் சொந்தப் பகிர்வு முறையான ஏஎஃப்பியை ஒதுக்கிவிட்டு எஸ்எம்பியை முதன்மையாக எடுத்துக்கொண்டது. லினக்ஸுக்கு 1992 முதல், எஸ்எம்பி பேசும் மென்பொருளான சாம்பா இருக்கிறது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் ஆஸ்திரேலியாவில் மாணவராக இருந்தபோது தொடங்கியது.

என்எஃப்எஸ் 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே அருமையாக ஓடும். ஆனால் அதன் பழைய முறையில், 'நான் 1005-ஆம் எண் பயனர்' என்று கணினி சொன்னால் சர்வர் அப்படியே நம்பிவிடும். தன் கணினியில் ரூட் உரிமை (முழு நிர்வாகி உரிமை) வைத்திருக்கிற யாரும் 1005 ஆகிவிடலாம். நான்காம் பதிப்போடு கெர்பரோஸை (டிக்கெட் கொடுத்துப் பயனரின் அடையாளத்தை உறுதிசெய்யும் முறை) சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும். அந்த உழைப்பைப் போடத் தயார் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். ஒரே ஃபோல்டரை இரண்டு வழியிலும் திறந்துவிட்டு, இரு பக்கத்திலிருந்தும் எழுதவிடாதீர்கள். அனுமதிகளும் கோப்புப் பூட்டுகளும் இரண்டிலும் வேறு வேறு மாதிரி. ஒரு பக்கம் பூட்டியது மறுபக்கத்துக்குத் தெரியாமல் போகலாம்.

பழைய ஸ்கேனர் எஸ்எம்பி1 இருந்தால்தான் வேலை செய்கிறது. சர்வரில் அதைத் திறந்துவிடலாமா?

கூடாது. 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை, எஸ்எம்பியின் முதல் பதிப்பான எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது என்பது கூடுதல் வருத்தம். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1-இன் சர்வர் பகுதி வருவதில்லை. சாம்பாவும் 2019-இல் 4.11 பதிப்பில் எஸ்எம்பி1-ஐ இயல்பாகவே மூடிவிட்டது.

ஸ்கேனரை மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் ஸ்கேனருக்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அங்கிருந்து கோப்புகளை நீங்களே இழுத்துக்கொள்ளுங்கள். முக்கியக் கோப்பு சர்வர் ஒரு ஸ்கேனருக்காக இறங்கி வரக் கூடாது.

விண்டோஸ் பயனர்கள் எல்லாருக்கும் டிரைவை எப்படிக் கொடுப்பது? லாகின் ஸ்கிரிப்ட் போதாதா?

போதும், ஆனால் குரூப் பாலிசி (டொமைன் கணினிகளுக்கு அமைப்புகளை ஓரிடத்திலிருந்து அனுப்பும் வசதி) பிரிஃபரன்ஸில் இருக்கிற 'டிரைவ் மேப்ஸ்' இன்னும் வசதி. எந்தக் குழுவில் இருப்பவருக்கு எந்த டிரைவ் என்று அங்கேயே குறிவைத்துவிடலாம். கணக்குப் பிரிவுக்கு கே டிரைவ், எல்லாருக்கும் எஸ் டிரைவ் என்று வைத்தால், ஆள் பிரிவு மாறும்போது குழுவை மட்டும் மாற்றினால் போதும்.

செயலைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'அப்டேட்' போடுங்கள், 'ரீப்ளேஸ்' வேண்டாம். ரீப்ளேஸ் என்றால் டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுவது. பாலிசி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பின்னணியில் புதுப்பிக்கப்படும். அந்த நேரம் பார்த்து ஒருவர் கோப்பைத் திறந்துவைத்திருந்தால் அவருக்கு டிரைவ் காணாமல் போய்த் திரும்ப வரும். 'அப்பப்போ டிரைவ் மறையுது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கிற இடம் இதுதான்.

அப்புறம், அந்தத் திரையில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட ஒரு கட்டம் இருக்கும். 2014 மே மாதத் திருத்தத்துக்குப் பிறகு அதில் புதிதாக பாஸ்வேர்டைச் சேமிக்க முடியாது. பாஸ்வேர்டை மறைக்கப் பயன்பட்ட சாவியே மைக்ரோசாஃப்டின் ஆவணத்தில் எல்லாரும் படிக்கும்படி இருந்தது! அதற்கு முன்பே அங்கே போட்டுவைத்தவை மட்டும் தாமாக அழியாது. பழைய பாலிசிகள் இருந்தால் தேடிப் பார்த்து அழித்துவிடுங்கள், அந்த பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

'ஒரே சர்வருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் பெயரில் இணைய முடியாது' என்று பிழை 1219 வருகிறதே?

ஒரு லாகினில் ஒரு சர்வரிடம் ஓர் அடையாளத்தோடு மட்டுமே பேச விண்டோஸ் அனுமதிக்கும். ஏற்கெனவே உங்கள் பெயரில் ஓர் இணைப்பு இருக்கும்போது, அதே சர்வரின் இன்னொரு ஷேரை வேறு பெயரில் கேட்டால் இந்தப் பிழை வரும். 'நெட் யூஸ்' கட்டளையில் பழைய இணைப்பைப் பார்த்து அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள். பெயருக்குப் பதில் ஐபி முகவரியைப் போட்டால் விண்டோஸ் அதை வேறு சர்வராக எண்ணிக்கொண்டு விட்டுவிடும். அவசரத்துக்கு உதவும். நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

அட்மினாகத் திறந்த நிரலில் மட்டும் டிரைவ் தெரியவில்லை.

அட்மின் உரிமையோடு திறந்த நிரல் தனி லாகின் அமர்வில் ஓடுகிறது. உங்கள் டிரைவ் எழுத்து அங்கே இல்லை. முழுப் பாதையை, அதாவது சர்வர் பெயரில் தொடங்கும் பாதையை, கொடுத்துவிடுங்கள்.

லினக்ஸில் ஷேரைச் சரியாக மவுண்ட் செய்வது எப்படி?

இங்கேதான் நேரம் போகும். மூன்று நிலைகளாகச் சொல்கிறேன்.

முதல் நிலை, கோப்பு மேலாளரில் சர்வர் முகவரியைத் தட்டித் திறப்பது. ஒன்றிரண்டு கோப்பை எடுக்கப் போதும். ஆனால் அது பயனரின் தற்காலிகப் பாதை ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கும். எல்லா நிரல்களும் அந்தப் பாதையோடு ஒத்துப்போகா.

இரண்டாம் நிலை, எஸ்எம்பி ஷேரை மவுண்ட் செய்ய உதவும் 'சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸ்' தொகுப்பை நிறுவி, எஃப்எஸ்டேப் கோப்பில் (எவற்றை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) ஒரு வரி எழுதுவது. பாஸ்வேர்டை அந்த வரியிலேயே எழுதாதீர்கள், எஃப்எஸ்டேப்பை யாரும் படிக்கலாம். தனிக் கோப்பில் எழுதி, 600 அனுமதி கொடுத்து, ரூட் மட்டும் படிக்கும்படி வைத்துவிட்டு, 'கிரெடென்ஷியல்ஸ்' என்ற விருப்பத்தில் அதன் பாதையைச் சொல்லுங்கள்.

இந்த முறையில் பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்), ஃபைல்-மோட் (கோப்பு அனுமதி) என்று நீங்கள் கொடுப்பவை உங்கள் கணினியில் கோப்பு எப்படித் தெரிய வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும் என்பதற்கு மட்டும். சர்வருக்கு அவை பற்றி ஒன்றும் தெரியாது. அது பார்ப்பது கிரெடென்ஷியல் கோப்பில் இருக்கும் பயனரை. 777 என்று போட்டுவிட்டு 'எல்லா அனுமதியும் கொடுத்தாச்சு, ஆனாலும் எழுத முடியலை' என்று வருகிறவர்கள் அதிகம். சர்வரில் அந்தப் பயனருக்கு எழுதும் உரிமை இல்லையென்றால் இங்கே என்ன போட்டாலும் நடக்காது. போதாக்குறைக்கு, அந்தக் கணினியை நான்கு பேர் பயன்படுத்தினால் நால்வரும் சர்வர் கணக்கில் ஒரே ஆள். யார் எதை அழித்தார் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால்தான் மூன்றாம் நிலை. கணினியை டொமைனில் சேருங்கள். 'ரியல்ம்' கட்டளை இதைச் சுலபமாக்கிவிட்டது, பின்னால் டொமைன் லாகினைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி பார்த்துக்கொள்ளும். பிறகு மவுண்ட் விருப்பங்களில் பாதுகாப்பு முறையாக கெர்பரோஸ் 5-ஐயும், கூடவே 'மல்டியூசர்' என்பதையும் கொடுங்கள். மவுண்ட் செய்வதற்குக் கணினியின் சொந்த டொமைன் கணக்கையே, அதாவது டாலர் குறியில் முடியும் அந்தப் பெயரையே, பயன்படுத்தலாம். பாஸ்வேர்ட் எங்கும் எழுத வேண்டியதில்லை. அதன்பின் யார் உள்ளே போகிறாரோ அவருடைய டிக்கெட்டோடு சர்வரிடம் பேசும். அவரவர் உரிமை அவரவருக்கு.

எஃப்எஸ்டேப் வரியில் 'நோஃபெயில்' போட மறக்காதீர்கள். அது இல்லாமல், சர்வர் கிடைக்காத நாளில் கணினி பாதியிலேயே நின்று அவசர நிலைக்குப் போய்விடக்கூடும். இன்னும் நல்லது, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட்: யாராவது ஃபோல்டரைத் தொடும்போதுதான் மவுண்ட் ஆகும்.

நான் பட்டது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவு நேரக் காப்பு நகல் ஒன்றை மவுண்ட் செய்த ஃபோல்டருக்குள் எழுதும்படி வைத்திருந்தேன். ஒரு நாள் மவுண்ட் ஆகவில்லை. ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. அடியில் இருந்த வெறும் ஃபோல்டருக்குள் எழுதிக்கொண்டே போய், காலைக்குள் கணினியின் சொந்த வட்டு நிரம்பிவிட்டது. ஷேர் மறுபடி மேலே ஒட்டிக்கொண்டதும் அந்தக் கோப்புகள் கண்ணுக்கும் தெரியவில்லை. வட்டில் இடமே இல்லை, ஆனால் இடத்தைத் தின்றது யார் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. இப்போதெல்லாம் மவுண்ட் ஆவதற்கு முன்பே அந்த வெறும் ஃபோல்டரை மாற்ற முடியாததாகப் பூட்டிவைத்துவிடுகிறேன். ஸ்கிரிப்டிலும் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று ஒரு வரி.

லினக்ஸ் தருகிற பிழை எண்களை எப்படிப் படிப்பது?

எண் 13 என்றால் அனுமதி மறுப்பு: பாஸ்வேர்ட், டொமைன் பெயர், ஷேர் உரிமை, இந்த வரிசையில் பாருங்கள். எண் 2 என்றால் ஷேர் பெயரிலோ பாதையிலோ எழுத்துப்பிழை. எண் 112 'ஹோஸ்ட் டவுன்' என்று சொல்லும்; நம்பாதீர்கள். சர்வர் நன்றாக இருக்கும், எந்த எஸ்எம்பி பதிப்பில் பேசுவது என்பதில்தான் பெரும்பாலும் உடன்பாடு இல்லை. எண் 126, தேவையான சாவி இல்லை என்பது, கெர்பரோஸ் டிக்கெட் இல்லாததைக் குறிக்கும். 'கேலிஸ்ட்' கட்டளையை ஓட்டினால் தெரிந்துவிடும். விருப்பம் தவறு, கோப்பு முறைமை தவறு என்று நீளமாகத் திட்டினால் சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸ் நிறுவவில்லை என்று பொருள். இவற்றில் எதுவாக இருந்தாலும் கர்னல் பதிவையும் ஒருமுறை பாருங்கள், அங்கே இதைவிடத் தெளிவாக எழுதியிருக்கும்.

ஐபி போட்டால் திறக்கிறது, பெயர் போட்டால் திறக்கவில்லை. ஐபியையே வைத்துக்கொண்டால் என்ன?

கெர்பரோஸ் டிக்கெட் சர்வரின் பெயருக்குத்தான் கிடைக்கும். ஐபியைப் போட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் பழைய என்டிஎல்எம் என்ற அடையாளச் சோதனை முறைக்கு இறங்கிவிடும். மைக்ரோசாஃப்டே 2024-இல் என்டிஎல்எம்மைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆக இன்று ஐபியில் ஓடுவது ஒரு நாள் மொத்தமாக நிற்கும்.

பெயர் ஏன் வேலை செய்யவில்லை என்று பாருங்கள். கணினி டொமைனின் டிஎன்எஸ் சர்வரைத்தான் (பெயருக்கு ஐபி முகவரி தருவது) கேட்கிறதா, இல்லை ரவுட்டரையா? சர்வருக்கு நீங்கள் வைத்த செல்லப்பெயருக்கு எஸ்பிஎன் பதிவு (கெர்பரோஸ் அந்தப் பெயரை அடையாளம் காண உதவுவது) இருக்கிறதா? அப்புறம் கலவையான அலுவலகத்துக்கே உரிய ஒரு பொறி: டொமைன் பெயர் 'டாட் லோக்கல்' என்று முடிகிறதா? ஒரு காலத்தில் அப்படி வைப்பதுதான் வழக்கம். ஆனால் அந்த முடிவை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கென்று 2013-இல் ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தரநிலை ஆவணம் ஒதுக்கிவிட்டது. மேக்கும் பல லினக்ஸ் கணினிகளும் அப்படிப்பட்ட பெயரைக் கண்டால் டிஎன்எஸ் சர்வரைக் கேட்காமல் பக்கத்துக் கணினிகளைக் கூவிக் கேட்கும். விண்டோஸில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். நீங்கள் லினக்ஸைத் திட்டுவீர்கள். லினக்ஸில் என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் டிஎன்எஸ்ஸை முன்னுக்குக் கொண்டுவந்தால் தீரும்.

காலையில் நன்றாக ஓடியது, மாலையில் அனுமதி இல்லை என்கிறது.

ஆக்டிவ் டைரக்டரியில் மாற்றாமல் விட்டால் டிக்கெட்டின் ஆயுள் 10 மணி நேரம். 7 நாள்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். விண்டோஸ் தானே பார்த்துக்கொள்ளும். லினக்ஸில் எஸ்எஸ்எஸ்டிக்குப் புதுப்பிக்கும் இடைவெளியைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் காலை 8 மணிக்கு வந்தவருக்கு மாலை 6 மணியோடு கதை முடிந்தது. திரையைப் பூட்டித் திறந்தாலே பெரும்பாலும் புது டிக்கெட் வந்துவிடும்.

கடிகாரத்தையும் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் பேசவே மறுக்கும். உறக்கத்திலிருந்து எழுந்த மடிக்கணினிகளும், இடைநிறுத்தித் தொடங்கிய மெய்நிகர் கணினிகளும் இதில் மாட்டும். எல்லாக் கணினிகளும் டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரிடமே நேரம் கேட்கட்டும்.

குழுவில் சேர்த்தாகிவிட்டது, இன்னும் திறக்கவில்லை.

வெளியேறி மறுபடி லாகின் செய்யச் சொல்லுங்கள். குழுப் பட்டியல் லாகின் நேரத்தில்தான் டிக்கெட்டுக்குள் எழுதப்படுகிறது.

அதன்பிறகும் திறக்காவிட்டால், ஷேருக்கு ஓர் அனுமதி, விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஓர் அனுமதி என்று இரண்டு கதவுகள் இருப்பதை நினைவுகொள்ளுங்கள். இரண்டில் எது குறுகலோ அதுதான் செல்லும். ஷேர் அனுமதியைத் தாராளமாக விட்டுவிட்டு என்டிஎஃப்எஸ்ஸில் மட்டும் இறுக்குவது என் வழக்கம். இரண்டு இடத்திலும் இறுக்கினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

மேக்கில்?

ஃபைண்டரில் கமாண்ட்டும் கே-யும் அழுத்தி, எஸ்எம்பி என்று தொடங்கும் முகவரியைக் கொடுங்கள். தினமும் வேண்டுமென்றால் லாகின் ஐட்டம்ஸில் சேர்த்துவிடலாம். மேக் தான் போகிற ஃபோல்டரில் எல்லாம் 'டிஎஸ் ஸ்டோர்' என்ற மறைவான கோப்பைப் போட்டுவிட்டு வரும். ஷேர்களில் அப்படிச் செய்யாமல் தடுக்க ஒரு டிஃபால்ட்ஸ் அமைப்பு இருக்கிறது. சாம்பா சர்வர் என்றால் 'ஃப்ரூட்' தொகுதியைச் சேர்த்துவிடுங்கள், மேக்கின் முகம் மலரும்.

தமிழில் பெயர் வைத்த கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை. ஒரே பெயரில் இரண்டு கோப்பு வேறு தெரிகிறது!

எனக்குப் பிடித்த கேள்வி இது. 'கோப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒரே எழுத்தாக வரலாம். அல்லது ஏகாரக் குறி, அடுத்துக் கால் என்று இரண்டாகப் பிரிந்தும் வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. என்டிஎஃப்எஸ்ஸுக்கும் லினக்ஸின் எக்ஸ்ட்4-க்கும் அவை வெவ்வேறு பெயர்கள். கொ, கோ, கௌ வரிசைகளிலும் ஔ-விலும் இந்தச் சிக்கல் உண்டு.

பிரித்து எழுதும் பழக்கம் மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமைக்கு இருந்தது. அங்கிருந்து ஜிப்பாகவோ ஆர்சிங்க் என்ற நகல் கருவி மூலமாகவோ சர்வருக்கு வந்த கோப்புகள் பிரிந்த பெயரோடு வந்திருக்கும். விண்டோஸில் நீங்கள் தட்டச்சு செய்வது சேர்ந்த பெயர். எப்படிக் கிடைக்கும்? லினக்ஸில் 'கன்வ்எம்வி' என்ற கருவிக்கு என்எஃப்சி விருப்பம் உண்டு, பெயர்களை எல்லாம் சேர்த்துவிடும். முதலில் ஒத்திகை மட்டும் பார்க்கும். சரி என்று தோன்றினால் உண்மையில் மாற்றச் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. எக்ஸ்ட்4-இல் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அதாவது 85 குறிகள், புள்ளியும் கொம்பும் காலும் உட்பட. 'கோ' மட்டும் 6 பைட், பிரிந்திருந்தால் 9. என்டிஎஃப்எஸ் 255 குறிகள்வரை ஏற்கும். விண்டோஸ் சர்வரில் நிம்மதியாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர், சாம்பா சர்வருக்கு மாற்றும்போது நகலாக மறுப்பது இதனால்தான்.

ஒருவர் கோப்பைத் திறந்துவைத்துவிட்டுப் போய்விட்டார். பூட்டை எப்படி எடுப்பது?

விண்டோஸ் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியல் இருக்கிறது, அங்கே மூடலாம். சாம்பாவில் யார் எதைத் திறந்துவைத்திருக்கிறார் என்பதை 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' காட்டும். மூடும் முன் அவரைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சேமிக்காத வேலை போனால் பழி உங்கள் மேல்.

டேட்டாபேஸ் கோப்பை ஷேரில் வைத்துப் பல பேர் பயன்படுத்தலாமா?

எஸ்கியூலைட் போன்ற, ஒரே கோப்பாக இருக்கும் டேட்டாபேஸ்களை வைக்காதீர்கள். பிணையத்தின் வழியே பூட்டு சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஒரு நாள் கோப்பு சிதையும். டேட்டாபேஸ் சர்வர் ஒன்றை நிறுவுங்கள்.

வெளியிலிருந்து வேலை செய்பவர்களுக்கு எஸ்எம்பியின் 445 போர்ட்டைத் திறந்துவிடலாமா?

ஒருபோதும் வேண்டாம். விபிஎன் வழியாக வரட்டும். தொலைதூரத்தில் எஸ்எம்பி மந்தமாகத்தான் இருக்கும், ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் சர்வரைக் கேட்டுவிட்டு வருகிற சுபாவம் அதற்கு. பெரிய கோப்பை நகல் எடுத்து வேலை செய்துவிட்டுத் திருப்பி வைப்பது மேல்.

சர்வரையே மாற்றப் போகிறோம். எல்லாக் கணினியிலும் போய்ப் பாதையை மாற்ற வேண்டுமா?

இந்த முறை, ஆமாம். அதைச் செய்யும்போதே டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் அமைத்துவிடுங்கள். பாதை சர்வர் பெயரில் தொடங்காமல் டொமைன் பெயரில் தொடங்கும். பின்னால் எந்தச் சர்வர் இருக்கிறது என்பது உங்கள் பாடு. மேக்கும் லினக்ஸும் இதைப் புரிந்துகொள்ளும், முதலில் ஒவ்வொன்றில் சோதித்துவிடுங்கள். ஆவணங்களுக்குள் ஒன்றையொன்று இணைத்துவைத்த எக்செல் கோப்புகளில் பழைய சர்வர் பெயர் புதைந்திருக்கும், அவற்றை டிஎஃப்எஸ் காப்பாற்றாது. பழைய பெயரை அணைப்பதற்கு முன் சில வாரங்கள் படிக்க மட்டும் விட்டுவைத்து, யார் இன்னும் அங்கே வருகிறார்கள் என்று பதிவைப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஸ்கேனர்தான் வந்துகொண்டிருக்கும்.